மூச்சுக்கு என்ன ஜாதி?

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் என் பெரியப்பாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு 78 வயது. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 35 வருஷம் எழுத்துக் கோத்தவர். ஈயத் தூசியும் பீடிப் புகையும் கூட்டாகச் சேர்ந்து நெஞ்சைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டுவிட்டன என்பது அவருடைய சொந்தத் தீர்ப்பு. மாடிப்படி நாலு ஏறினால் இளைக்கும். மார்கழியில் இருமினால் தெருக்கோடிப் பிள்ளையாருக்குக் கேட்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. மேஜைமேல் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு குழாய். வெள்ளைக் கோட்டுப் போட்ட இளம் பெண் ஒருத்தி பெரியப்பாவின் வயதைக் கேட்டாள், உயரத்தை அளந்தாள், எடை பார்த்தாள். ஒவ்வொன்றையும் பெட்டியில் தட்டிக்கொண்டே வந்தவள், கடைசியாக ஒரு கட்டத்தில் எதையும் கேட்காமலே ஏதோ ஒன்றை அழுத்திவிட்டாள். ஆயுள் முழுவதும் எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகியவர் பெரியப்பா. மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தபடியே படித்துவிட்டார்.

"அது என்னம்மா, கடைசியாத் தட்டினியே?"

"அதுவா? நீங்க எந்த இனம்னு கேக்குது தாத்தா. ஆசியர்னு போட்டிருக்கேன்."

"மூச்சுக்கு என்னம்மா ஜாதி?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "நான் கேக்கலை தாத்தா, மெஷின் கேக்குது" என்று சொல்லி, அவர் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று உற்சவத்தில் தேர் இழுக்கிறவர்களை உசுப்புவது மாதிரி உசுப்ப ஆரம்பித்தாள். பெரியப்பா முகம் சிவக்க ஊதினார். மூன்று தடவை.

எனக்கு அந்தக் கேள்வி மறக்கவில்லை. நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். கல்லூரியை இரண்டே வருஷத்தில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன். ஆனாலும் ஒரு யந்திரத்துக்கு இப்படி ஒரு கேள்வி கேட்க யார் கற்றுக்கொடுத்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தேடப் போனதில் ஒரு கதை கிடைத்தது. மனிதன் தன் மூச்சை அளக்கக் கற்றுக்கொண்ட கதை.

மூச்சை முகர்ந்து பார்ப்பது ஆதி காலத்திலிருந்தே வைத்தியர்களின் வழக்கம். நீரிழிவு முற்றினவன் மூச்சில் பழுத்த பழத்தின் வாசனை வரும். ஈரலும் சிறுநீரகமும் கெட்டால் வேறு வேறு வாடைகள். இதெல்லாம் மூக்குக்குத் தெரியுமே ஒழிய, எண்ணாகச் சொல்ல முடியாது. மூச்சில் என்ன இருக்கிறது என்பதே 18-ஆம் நூற்றாண்டு வரையில் யாருக்கும் தெரியாது. 1750-களில் ஸ்காட்லாந்துக்காரரான ஜோஸப் பிளாக் என்பவர் கரியமிலவாயுவைத் தனிப் பொருளாகக் கண்டுகொண்டார். நாம் விடும் மூச்சிலும் அது இருக்கிறது என்பதற்கு அவர் வைத்த சாட்சி சுண்ணாம்புத் தெளிநீர். தெளிநீரில் ஊதினால் பால்போல் வெளுக்கும். நம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் செய்கிற வித்தைதான். நாங்கள் அதை ஊதிவிட்டு, மீதிச் சுண்ணாம்பை வாத்தியாரின் வெற்றிலைக்கு ஒதுக்கி வைத்தோம்.

பாரிஸில் லவாய்ஸியே அதற்கு ஒரு படி மேலே போனார். ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அது விடும் மூச்சையும் அது உருக்கும் பனியையும் கணக்கிட்டு, சுவாசம் என்பது நிதானமாக நடக்கும் எரிதலே என்று சொன்னார். மூச்சுக்கும் அடுப்புக்கும் உறவு வைத்தவர் அவர். பிறகு மனிதனின் முகத்திலேயே முகமூடியை வைத்து அளந்தார். அந்தச் சோதனையை அவர் மனைவியே படமாக வரைந்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில் மேஜை ஒன்றின் முன் குறிப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள்தான். 1794 மே 8-ஆம் தேதி புரட்சிக்காரர்கள் லவாய்ஸியேயின் தலையை வாங்கிவிட்டார்கள். வரி வசூல் குத்தகையில் பங்கு வைத்திருந்தது அவர் செய்த குற்றம்.

இவர்களெல்லாம் மூச்சில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள். மூச்சு எவ்வளவு இருக்கிறது, அந்த அளவிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டவர் ஜான் ஹட்சின்ஸன். பெரியப்பா ஊதிய பெட்டிக்குத் தகப்பன் அவர்தான்.

ஹட்சின்ஸன் 1811-ல் இங்கிலாந்தின் வடக்கே நியூகாஸில் பக்கத்தில் பிறந்தார். நிலக்கரிச் சீமை அது. லண்டனுக்கு வந்து சர்ஜன் ஆனார். பிடில் வாசிப்பாராம். அந்தக் காலத்து லண்டனில் க்ஷயரோகம் மாமூலான விஷயம். ஒருவனுக்கு அது பிடித்திருக்கிறதா என்று தெரிவதற்குள் பாதி நுரையீரல் போய்விடும். 1816-ல் பிரான்ஸில் லேனெக் என்பவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது கேட்கும் காதைப் பொறுத்தது. ஹட்சின்ஸனுக்குக் காதை நம்பப் பிரியமில்லை. எண் வேண்டும் என்றார்.

அவர் செய்த யந்திரம் மிக எளியது. தண்ணீர்த் தொட்டி ஒன்று. அதற்குள் கவிழ்த்து வைத்த மணி போன்ற ஒரு பாத்திரம். பாத்திரத்தைக் கப்பியில் கயிறு போட்டு எடை கட்டித் தூக்கலாய் வைத்திருந்தார். குழாய் வழியாக ஊதினால் மூச்சு பாத்திரத்துக்குள் போய் அதை மேலே தூக்கும். எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பக்கத்திலுள்ள அளவுகோல் கன அங்குலத்தில் சொல்லும். ஊதுகிறவன் சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, நிமிர்ந்து நின்று, நெஞ்சு கொண்ட மட்டும் இழுத்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் விட வேண்டும். அப்படி வெளியே வரும் மொத்தக் காற்றுக்கு அவர் வைத்த பெயர் 'வைட்டல் கபாஸிட்டி'. உயிர்க் கொள்ளளவு என்று சொல்லலாம். யந்திரத்துக்கு 'ஸ்பைரோமீட்டர்' என்று பெயர். 180 வருஷமாகியும் இரண்டு பெயர்களும் அப்படியே நிலைத்துவிட்டன.

யந்திரத்தைச் செய்தது பெரிதல்ல. பிறகு அவர் செய்ததுதான் பெரிது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து ஊதச் சொன்னார். மாலுமிகள், தேம்ஸ் நதிப் போலீஸார், தீயணைக்கும் படையினர், ராஜாங்கக் காவல் சிப்பாய்கள், குஸ்திக்காரர்கள், ஏழை விடுதியில் இருந்தவர்கள், கனவான்கள், குள்ளர்கள், ராட்சத ஆகிருதிகள். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து, 1846-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார். மார்புச் சுற்றளவைப் பார்த்து ஏமாறாதே, உயரத்தைப் பார் என்பது அவர் கண்ட முடிவு. ஐந்தடிக்கும் ஆறடிக்கும் நடுவில் ஒவ்வோர் அங்குலம் உயரத்துக்கும் 8 கன அங்குலம் மூச்சு கூடுகிறது. வயது ஏற ஏறக் குறைகிறது. இந்தக் கணக்குக்கு ஒருவன் மூச்சு ரொம்பக் குறைந்திருந்தால் ஆள் வெளிக்கு எப்படி இருந்தாலும் உள்ளே ஏதோ கோளாறு.

இதற்கு ஓர் உதாரணம் அவரே கொடுத்திருக்கிறார். ஃப்ரீமன் என்று ஓர் அமெரிக்க ராட்சதன் பந்தயக் குத்துச்சண்டைக்காக லண்டனுக்கு வந்திருந்தான். 1842-ல் அவனை ஊதச் சொல்லி அளந்து வைத்திருந்தார் ஹட்சின்ஸன். இரண்டு வருஷம் கழித்து அவன் மறுபடி வந்தபோது மூச்சு வெகுவாகக் குறைந்திருந்தது. நெஞ்சில் காது வைத்துக் கேட்டவர்களுக்குக் குற்றம் ஒன்றும் தெரியவில்லை. 1845-ல் அவன் க்ஷயரோகத்தில் இறந்துபோனான். காது கேட்காததைத் தண்ணீர்த் தொட்டி கேட்டிருந்தது.

ஆனால் தர்மத்துக்காக மட்டும் அவர் இதையெல்லாம் செய்தார் என்று நினைத்துவிட வேண்டாம். ஹட்சின்ஸன் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு டாக்டராக இருந்தவர். எவன் சீக்கிரம் சாவான் என்று முன்கூட்டித் தெரிந்தால் கம்பெனிக்கு லாபம் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. மூச்சை அளக்கும் சாஸ்திரம் பிறக்கும்போதே ஒரு கையில் மருந்தும் ஒரு கையில் கணக்குப் புத்தகமுமாகத்தான் பிறந்தது.

1852-ல், தங்கம் கிடைக்கிறது என்று உலகமே ஆஸ்திரேலியாவுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஹட்சின்ஸனும் லண்டனையும் யந்திரத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார். ஏன் போனார் என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்கிறார்கள். நான் நாவலாசிரியன், எனக்குத் தோன்றுகிற காரணங்களை எழுதினால் சரித்திரம் கெட்டுப்போகும். 1861-ல் அங்கிருந்து பிஜித் தீவுக்குப் போய் அங்கேயே இறந்தார். ஐம்பதே வயது. எப்படி இறந்தார் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

தகப்பன் போய்விட்டாலும் பிள்ளை ஊர் சுற்றிற்று. அமெரிக்காவில் லூயிஸியானாவில் கார்ட்ரைட் என்று ஒரு டாக்டர் இருந்தார். அடிமைகள் எஜமானனை விட்டு ஓடிப்போவது ஒரு மனவியாதி என்று சொல்லி, அதற்கு வாயில் நுழையாத ஒரு கிரேக்கப் பெயரும் வைத்த மகானுபாவர். அவர் கையில் ஸ்பைரோமீட்டர் கிடைத்தது. நீக்ரோக்களின் நுரையீரல் வெள்ளையருடையதைவிட நூற்றுக்கு 20 பங்கு குறைந்தது, வயலில் பாடுபட வைத்தால்தான் அவர்கள் ரத்தம் சுத்தமாகும் என்று 1851-ல் எழுதினார். அடிமை முறையை ஒழிக்கக் கேட்டவர்களுக்கு யந்திரத்தின் வாயாலேயே பதில் சொல்லிவிட்டதாக அவருக்குத் திருப்தி. உள்நாட்டு யுத்தம் முடிந்ததும் கூல்ட் என்ற வானசாஸ்திரி சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் அளந்து, கறுப்புச் சிப்பாய்களுக்கு மூச்சுக் கொள்ளளவு குறைவு என்று 1869-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அவர்கள் என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள், எந்தக் கொட்டகையில் படுத்தார்கள், எத்தனை தடவை நிமோனியாவில் விழுந்து எழுந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. தோலின் நிறத்தை எழுதிக்கொண்டார்கள், எண்ணை எழுதிக்கொண்டார்கள், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

அந்த முடிச்சு யந்திரத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. 20-ஆம் நூற்றாண்டில் தண்ணீர்த் தொட்டி போய் மின்சாரப் பெட்டி வந்தபிறகும், அமெரிக்காவில் கறுப்பர் என்றால் நூற்றுக்கு 10 முதல் 15 வரை, ஆசியர் என்றால் 4 முதல் 6 வரை குறைத்துக்கொண்டு 'இவருக்கு இவ்வளவு போதும்' என்று சொல்லும்படி பெட்டியைத் திருத்தி வைத்தார்கள். வாசகர்கள் இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரே அளவு மூச்சு விடும் இரண்டு தொழிலாளிகளில் வெள்ளைக்காரன் நோயாளி; கறுப்பன் சௌக்கியமாக இருக்கிறான்! 1999-ல் பால்டிமோரில், தங்கள் சரக்கின் தூசியால் நெஞ்சு கெட்டது என்று வழக்குப் போட்ட கறுப்புத் தொழிலாளிகளுக்கு எதிராக ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி இந்த வாதத்தையே கோர்ட்டில் எடுத்து வைத்தது. லண்டி பிரவுன் என்ற அம்மையார் இந்தச் சரித்திரத்தையெல்லாம் தோண்டி 2014-ல் புத்தகமாக எழுதினார். 2023-ல்தான் அமெரிக்க மார்பு நோய் வைத்தியர் சங்கம், இனம் பார்க்காத பொதுக் கணக்கையே உபயோகிக்கும்படி சொல்லிற்று. சங்கம் சொன்னது எல்லா ஊர்ப் பெட்டிகளுக்கும் உடனே எட்டிவிடுமா? பெரியப்பா ஊதிய பெட்டிக்கு எட்டியிருக்கவில்லை.

ஜாதிக் கதை இவ்வளவுதான். மூச்சுக் கதை இன்னும் இருக்கிறது.

ஹட்சின்ஸன் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அகல வாய்ப் பானையும் குறுகிய கழுத்துக் கூஜாவும் ஒரே அளவு தண்ணீர் கொள்ளலாம். கவிழ்த்தால் பானை ஒரு நொடியில் காலியாகும், கூஜா 'குளுக் குளுக்' என்று நேரமெடுத்துக் காலியாகும். இளைப்பு நோய்க்காரன் நுரையீரல் கூஜா. பொறுமையாக ஊதவிட்டால் அவனும் ஏறக்குறைய முழுக் காற்றையும் விட்டுவிடக்கூடும். ஆகவே எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு வேகம் என்று பார்க்க வேண்டும். பாரிஸ் டாக்டர் டிஃப்னோ 1947-ல் இதைச் சொன்னார். முதல் ஒரு நொடியில் வரும் காற்றைத் தனியாக அளந்துகொள். சௌக்கியமானவன் அந்த ஒரு நொடிக்குள் முக்கால் பங்கு போல விட்டுவிடுவான். நூற்றுக்கு 70-க்குக் கீழே போனால் வழியில் அடைப்பு இருக்கிறது. இன்றும் உலகமெங்கும் நாள்பட்ட சுவாசகாசத்துக்கு அந்த 70-தான் எல்லைக்கல்.

1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைப்பனி இறங்கிற்று. கரிப்புகையும் மூடுபனியும் கலந்து, பகலிலேயே பஸ்ஸுக்கு முன்னால் ஒருவன் விளக்கோடு நடக்க வேண்டியதாயிற்றாம். 4,000 பேர் அதிகப்படியாக இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள்; பிற்காலத்துக் கணக்குகள் அதையும்விட மிக அதிகம். மார்பு நோய் என்றால் க்ஷயம் ஒன்றுதான் என்று இருந்தவர்களுக்கு, வருஷக்கணக்காக இருமிக்கொண்டே இருக்கும் கிழவர்களின் பக்கம் கண் திரும்பிற்று. சார்லஸ் ஃப்ளெச்சர் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1961-லிருந்து எட்டு வருஷம் மேற்கு லண்டனில் வேலை பார்க்கும் 792 ஆண்களை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விடாமல் ஊத வைத்தார்கள். எல்லோருக்கும் வயதோடு மூச்சு குறைகிறது. புகை பிடிக்கிறவர்களில் சிலருக்கு மட்டும் மளமளவென்று சரிகிறது. அவன் எந்த வயதில் நிறுத்தினாலும், போன நுரையீரல் திரும்பி வராது. ஆனால் சரியும் வேகம் மற்றவர்களுடைய வேகத்துக்கு வந்துவிடும். 1977-ல் அவர்கள் போட்ட அந்த ஒரு படத்தை இன்றும் மார்பு நோய் டாக்டர்களின் சுவரில் பார்க்கலாம். நாங்கள் போன அறையிலும் தொங்கிற்று. பெரியப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவும் அளவும் வேகமும். மூச்சுக்குள் இருக்கும் பொருள் என்ன ஆயிற்று? நோயின் அடையாளத்தைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு வாயு வெளியே வருகிறதா? அதற்கு முதலில் எந்த மூச்சைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். நாம் ஒரு தடவை விடும் அரை லிட்டர் காற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தொண்டையோடும் குழாயோடும் நின்று திரும்பிய காற்று. அதற்கு நுரையீரலின் ரகசியம் எதுவும் தெரியாது. வாசலோடு வந்து போன விருந்தாளி வீட்டுச் சண்டையை எப்படி அறிவான்? 1905-ல் இங்கிலாந்தில் ஜே. எஸ். ஹால்டேன், தம் சகா பிரீஸ்ட்லியோடு சேர்ந்து, ஒரு நீளமான ரப்பர்க் குழாயில் பலமாக ஊதச் சொல்லி, கடைசியாக வரும் மூச்சை மட்டும் குழாயின் வாயருகே பிடித்தார். அடிநுரையீரலின் காற்று அது. இந்த ஹால்டேன் பிள்ளைகுட்டிக்காரர். ஆனாலும் சுரங்கங்களில் தொழிலாளிகளைக் கொல்லும் வாயு எது என்று அறியத் தாமே கார்பன் மோனாக்ஸைடைச் சுவாசித்து, தம் ரத்தம் எப்படி மாறுகிறதென்று எழுதி வைத்தவர். சுரங்கத்துக்குள் மைனா அளவுகூட இல்லாத கேனரிக் குருவியைக் கொண்டு போகச் சொன்னவரும் அவர்தான். மனிதனுக்கு மயக்கம் வருவதற்கு முன்னால் குருவி விழுந்துவிடும்.

1971-ல் லைனஸ் பாலிங் மூச்சைக் குளிர்ந்த குழாய்க்குள் விட்டு உறைய வைத்து, பிறகு சூடாக்கிப் பிரித்துப் பார்த்தார். இரண்டு நோபல் பரிசுகளைத் தனியாகவே வாங்கிய மனிதர். கரியமிலவாயு, நீராவி என்று நாலைந்து பொருள் இருக்கும் என்று உலகம் எண்ணியிருந்த இடத்தில் சுமார் 250 பொருள்கள் இருந்தன. உடம்பு ஒவ்வொரு நிமிஷமும் தன் அந்தரங்கத்தை வாய்வழியே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது; அந்தப் பாஷைதான் நமக்குப் புரியவில்லை.

அந்தப் பாஷையில் முதலில் நன்றாகப் புரிந்த சொல் நைட்ரிக் ஆக்ஸைடு. மோட்டார் புகையில் இருக்கும் வாயு என்றுதான் அதைப் பலரும் அறிந்திருந்தார்கள். நம் ரத்தக் குழாய்களே அதை உண்டாக்கிக்கொள்கின்றன என்று 1980-களில் தெரிந்தது. அதைக் கண்டவர்களில் மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு. நைட்ரோகிளிஸரினை வைத்து வெடிமருந்து செய்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் இருதய வலிக்கு நைட்ரோகிளிஸரின்தான் மருந்தாக எழுதிக்கொடுத்தார்கள். அது வேலை செய்வதும் இந்த வாயுவால்தான். 1991-ல் ஸ்வீடனில் குஸ்டாஃப்ஸன் என்பவரும் கூட்டாளிகளும் முயல், கினிப் பன்றி, மனிதன் மூவரின் மூச்சிலும் அந்த வாயு இருப்பதைக் கண்டார்கள். பாவம் கினிப் பன்றி, லவாய்ஸியே காலத்திலிருந்து அதற்கு விடுதலை இல்லை. 1993-ல் அதே ஊர்க்காரர்கள், ஆஸ்துமாக்காரர்கள் மூச்சில் அது அதிகம் என்று கண்டார்கள். மூச்சுக் குழாய்க்குள் ஒருவகை அழற்சி மூண்டால் வாயு கூடுகிறது. ஸ்டீராய்டு மருந்தை இழுத்தால் குறைகிறது. புகை எங்கே எரிகிறது என்று சொல்ல ஒரு கேனரிக் குருவி கிடைத்துவிட்டது.

அளவைக் கேட்டால் சிரிப்பு வரும். நூறு கோடிப் பங்கு காற்றில் 25 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு. 50-க்கு மேலே போனால் அதிகம். அளக்கும் முறையும் விசித்திரம். வேகமாக ஊதினால் வாயு நீர்த்துப் போகும். ஆகவே நொடிக்கு 50 மில்லிலிட்டர் என்று ஒரே சீராக, ஈர விறகு அடுப்பை ஊதாங்குழலால் ஊதுகிற நிதானத்தோடு ஊத வேண்டும். மூக்கின் பக்கத்து எலும்பறைகளிலும் இதே வாயு ஏராளமாக ஊறுகிறது. அது வந்து கலந்துவிட்டால் கணக்குக் கெட்டது. அதனால் கொஞ்சம் தடையை எதிர்த்து ஊதச் சொல்கிறார்கள். அப்போது உள்நாக்கு எழும்பி மூக்கின் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

ஆஸ்துமாவுக்கு இவ்வளவு உபகாரம் செய்த குருவி, பெரியப்பா போன்றவர்களின் சுவாசகாசத்தில் வாயைத் திறக்கவில்லை. புகை பிடித்தால் அந்த வாயு குறைந்துவிடுகிறது. நோய் ஏற்றுகிறது, பீடி இறக்குகிறது. நடுவில் நிற்கும் எண்ணை எப்படி நம்புவது? வேறு அடையாளங்களைத் தேடினார்கள். பத்து நிமிஷம் குளிர்ந்த குழாயில் மூச்சு விடச் சொல்லி, அதில் படியும் வியர்வை போன்ற நீரைச் சேர்த்தார்கள். ஒன்றிரண்டு மில்லிலிட்டர் தேறும். 1996-ல் நெதர்லாந்து டாக்டர்கள், சுவாசகாசக்காரர்களின் மூச்சு நீரில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கூடியிருப்பதாகவும், நோய் சீறும் சமயத்தில் இன்னும் கூடுவதாகவும் சொன்னார்கள். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்தத் திரவம்தான். ஆனால் அந்த நீரில் தண்ணீர் எத்தனை பங்கு, சாரம் எத்தனை பங்கு என்று ஆளுக்கு ஆள் வித்தியாசப்பட்டது. நேரத்துக்கு நேரம் வித்தியாசப்பட்டது. வைத்துப் பார்த்தால் சரக்கு சிதைந்துபோயிற்று. 2005-ல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் உட்கார்ந்து எப்படிப் பிடிப்பது, எப்படி வைப்பது என்று விதிகள் எழுதினார்கள். ஆராய்ச்சிக் கூடங்களில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. டாக்டர் மேஜைக்கு வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், சுவாசகாசக்காரருக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா வேண்டாமா என்று வழிகாட்ட, கடைசியில் மூச்சை விட்டுவிட்டு ரத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரத்தத்தில் ஈஸினோஃபில் என்ற அணு 300-க்கு மேல் இருந்தால் கொடு என்று 2019 முதல் சர்வதேச வழிகாட்டியே சொல்கிறது. நம் ஊரில் எந்த லாபரட்டரியிலும் அன்றன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அந்த டாக்டர் பெரியப்பாவுக்கு நைட்ரிக் ஆக்ஸைடும் பார்த்தார். 14 என்று வந்தது.

"பீடியை எப்ப விட்டீங்க ஐயா?"

"அது ஆச்சுங்க, மூணு வருஷம்" என்றார் பெரியப்பா, என்னைப் பார்க்காமல்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளங்கை அளவில் ஒரு கருவியை எடுத்து, அதில் ஓர் அட்டைக் குழலைச் செருகினார். மூச்சை இழுத்துப் பதினைந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக விடச் சொன்னார். பெரியப்பாவால் எட்டுக்கு மேல் நிறுத்த முடியவில்லை. மறுபடி ஊதினார். அது கார்பன் மோனாக்ஸைடை அளக்கும் கருவி. ஹால்டேன் தம் ரத்தத்தில் பார்த்த அதே வாயு. புகை பிடித்தவன் மூச்சில் அது பல மணி நேரம் தங்கியிருக்கும். பிடிக்காதவனுக்கு ஒன்றிரண்டு காட்டும். கருவி 17 காட்டிற்று.

டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. கருவியின் முகத்தைப் பெரியப்பாவின் பக்கம் திருப்பி வைத்தார். இந்தத் தடவை எழுத்து நேராகவே தெரிந்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"காலையில ஒண்ணு" என்றார் பிறகு. "பஸ் ஸ்டாண்டுல. இவன் டிக்கெட் வாங்கப் போயிருந்தான்."

"ஒண்ணுதானா?"

"ரெண்டு."

நான் கோபித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சுவரில் இருந்த ஃப்ளெச்சரின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்து, விரலால் ஒரு கோட்டைத் தொட்டார். "நீங்க இப்ப இங்கே இருக்கீங்க. இன்னிக்கு விட்டா இப்படிப் போவீங்க. விடலைன்னா இப்படி." இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்தார்.

"இது எத்தனை வருஷம் தாங்கும்?"

"சில வருஷம். வெளியே நடமாடுற வருஷம்."

அறிக்கையை வாங்கிக்கொண்டு வந்தோம். மாடிப்படியில் பாதி இறங்கினதும் பெரியப்பா நின்றார். இளைக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவரிடம் கிடையாது. நிற்க வேண்டுமானால் ஏதாவது படிக்க வேண்டியது இருக்கும். கையிலிருந்த அறிக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே படித்தார்.

"பார்டா இதை. 'நுறையீரல்'னு போட்டிருக்கான். பெரிய ஆஸ்பத்திரி! ஒரு புரூஃப் பார்க்க ஆள் இல்லே." சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். விரலோடு பீடிக்கட்டும் சேர்ந்து வந்தது. அதை என்னிடம் கொடுத்தார். "இதைப் பிடி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரில் அறிக்கையை வைத்து, றகரத்தை அடித்து ஓரத்தில் ரகரம் போட்டார்.